இதயத்துக்கு வைட்டமின் டி: தினசரி மாத்திரையா, மாதம் ஒருமுறை பெரிய அளவா, வெயிலா?

ரத்தத்தில் வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வருவது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் 1,739 பேரைத் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியிட்ட முடிவின்படி, மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களின் அபாயம் மற்றவர்களைவிட 62 சதவீதம் அதிகமாக இருந்தது. ரத்த அழுத்தத்தை ஏற்றும் ரெனின் சுரப்பை இந்தச் சத்து அடக்குவது எலிகளிலும் காணப்பட்டதால், குறையை நிரப்பினால் இதயத்தைக் காக்கலாம் என்ற நம்பிக்கை வலுத்தது.

அந்த நம்பிக்கையை நேரடியாகச் சோதித்தது 'வைட்டல்' ஆய்வு. 25,871 பேரில் பாதிப் பேருக்குத் தினமும் 2,000 அலகு வைட்டமின் டியும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரையும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை முதல் பிரிவில் 396 பேருக்கும் மற்றப் பிரிவில் 409 பேருக்கும் நேர்ந்தன என்று 2018இல் தெரியவந்தது. இதை வேறுபாடு என்றே சொல்ல முடியாது. பங்கேற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே போதிய சத்து இருந்தது என்ற ஆட்சேபம் நியாயமானதுதான் என்றாலும், குறைவாக இருந்தவர்களைத் தனியே பார்த்தபோதும் பலன் தென்படவில்லை.

மாதம் ஒருமுறை பெரிய அளவு கொடுத்த ஆய்வுகளில், நியூசிலாந்தில் 1,00,000 அலகு பெற்றவர்களுக்கு 11.8 சதவீதமும் பெறாதவர்களுக்கு 11.5 சதவீதமும் இதய, ரத்தக் குழாய் நோய் வந்தது. ஆஸ்திரேலியாவில் 60,000 அலகு பெற்ற முதியவர்களிடம் இது 6 சதவீதமாகவும், பெறாதவர்களிடம் 6.6 சதவீதமாகவும் இருந்தது. ஆனால் அந்த இடைவெளி தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால், அதை நம்பி மருந்து வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வெயிலின் கதை வேறு. வைட்டமின் டியை உருவாக்குவது புற ஊதா பி கதிர். ஆனால் எடின்பரோவில் 24 பேரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், புற ஊதா ஏ கதிர் தோலில் சேமித்திருக்கும், ரத்தக் குழாய்களை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடை விடுவித்து, ரத்த அழுத்தத்தைச் சிறிது நேரம் குறைத்தது. ஆகவே வெயிலில் நடப்பவரின் இதயத்துக்கு நன்மை கிடைத்தால், அது முழுவதும் வைட்டமின் டியால் வந்தது என்று கொள்ள முடியாது.

மூன்றில் ஒன்றைத் தேர்வதானால், இதயத்துக்காக என்று நான் காலை நடையையே சொல்வேன். மாத்திரை, குறைபாடு உறுதியானவர்களின் எலும்புக்கானது. நம் ஊரில் குறைபாட்டுக்காகச் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும் 60,000 அலகுப் பொட்டலத்தை மாதக்கணக்கில் தாமாகவே வாங்கிச் சாப்பிடுவோருக்கு ரத்தத்தில் கால்சியம் மிகலாம். தயசைடு வகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல்.