மைக்ரோவை மில்லியாக விடாத கடை

கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து பழையபேட்டைக்குப் போகும் வழியில், முதல் மாடியில் இருக்கிறது அந்த டிடிபி கடை. படிக்கட்டின் கீழே கரும்புச்சாறு வண்டி நிற்கும், அதுதான் அடையாளம். கடையின் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் மேடம், கல்யாணப் பத்திரிகைக் கூட்டத்தையே சமாளிக்க முடியவில்லை" என்றார் கடைக்காரப் பெண். பெயர் இல்லாமலேயே எழுதுகிறேன்.

நான் உயிர்வேதியியல் ஆசிரியை. எங்கள் மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளில் சீசன் முடிந்ததும் மலைபோல் மிஞ்சும் பெங்களூரா மாங்கொட்டைதான் என் ஆய்வுப் பொருள். கொட்டைக்குள் இருக்கும் பருப்பை உலர்த்தி, பொடித்து, சாறு எடுத்து, அதன் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனைப் பார்ப்பது வேலை. மூன்று சீசன்களாகச் செய்தேன். அதைக் கட்டுரையாக்கி ஆய்விதழுக்கு அனுப்பும் வேலை அந்த மூன்று சீசன்களையும்விடப் பெரிதாக இருந்தது. மார்ஜின் எவ்வளவு, வரி எண் எங்கே, தலைப்புப் பக்கம் தனியாகவா என்று ஒவ்வோர் இதழும் ஆசிரியர் வழிகாட்டி என்ற பெயரில் பத்திருபது பக்கம் நீட்டுகிறது. கல்லூரி வேலைக்கு நடுவே என்னால் முடியாது என்றுதான் அந்தப் படி ஏறினேன்.

முதல் நாளே அந்தப் பெண் என்னை மடக்கிவிட்டார். என் கோப்பைத் திறந்து மெதுவாகக் கீழே உருட்டிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "மேடம், இது மில்லியா, மைக்ரோவா? கட்டுரையில் 38 மில்லிகிராம் என்று இருக்கிறது. படத்தில் 38 மைக்ரோகிராம்."

எனக்கு வியர்த்துவிட்டது. நடந்தது இதுதான். மைக்ரோ என்பதற்கான மியூ எழுத்தை நான் பழைய வழக்கப்படி 'எம்' தட்டி, அதற்கு மட்டும் சிம்பல் எழுத்துருவைக் கொடுத்து வைத்திருந்தேன். அந்த எழுத்துருவில் 'எம்' இருக்கும் இடத்தில்தான் மியூ இருக்கிறது. பிறகு இதழ் கேட்கிறதே என்று கட்டுரை முழுவதையும் ஒரே அமுக்கில் டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றினேன். அத்தனை மியூவும் சத்தமில்லாமல் 'எம்' ஆகிவிட்டன. மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆனது. ஆக்சிஜனேற்றத்தைப் பாதியாகத் தடுக்கத் தேவையான சாற்றின் அளவு ஆயிரம் மடங்கு கூடியது. அதாவது, என் மாங்கொட்டை ஆயிரம் மடங்கு சோப்ளாங்கி ஆனது. நான் நான்கு முறை படித்தும், என் நெறியாளர் இரண்டு முறை படித்தும் கண்ணில் படவில்லை. கல்யாணப் பத்திரிகையில் 'திருநிறைச்செல்வி'க்கு ஒற்று விடுபட்டதைக் கண்டுபிடித்துப் பழகிய கண் அதைப் பிடித்தது.

அதோடு நிற்கவில்லை. 45 டிகிரி செல்சியஸில் உலர்த்தினேன் என்று எழுதியிருந்தேன். டிகிரிக் குறிக்குப் பதிலாகச் சின்னப் பூஜ்யத்தை மேலே தூக்கி வைத்திருந்தேன். எத்தனை பேர் இப்படிச் செய்கிறோம்! இதழின் இணையதளத்தில் சுருக்கத்தை ஒட்டும் கட்டத்தில் இந்த மேல்கீழ் எதுவும் நிற்காது. அவர் ஒட்டிக் காட்டினார்: 450 செல்சியஸ். அந்தச் சூட்டில் மாம்பருப்பு சாம்பல்தான். உண்மையான டிகிரிக் குறியையும் உண்மையான மியூவையும் யூனிகோடில் போட்டு, தேடல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். இதற்குத் தனிக் காசு கேட்கவில்லை.

படங்கள் விஷயத்திலும் கெட்டி. எக்செல் வரைபடங்களைத் திரையிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தேன். அவற்றில் ஒன்றை, இதழில் ஒரு பத்தி எவ்வளவு அகலம் வருமோ அந்த அளவில் தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்தார். வரைபட அச்சுகளில் இருந்த எண்கள் எறும்பு ஊர்ந்தது போல் இருந்தன. பிழைக் கோடுகள் காணாமல் போயிருந்தன. "திரையில் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள் மேடம், தாளில் என்ன செய்வீர்கள்?" என்றார். மூலக் கோப்பை வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கி, 300 டிபிஐ அளவில் டிஃப் கோப்புகளாக மாற்றிக் கொடுத்தார். இரட்டை வரி இடைவெளி, தொடர் வரி எண் எல்லாம் சொல்லாமலேயே செய்தார். எழுதியவர் பெயர் தெரியாமல் பிற ஆய்வாளர்கள் கட்டுரையை மதிப்பிடும் மேலாய்வு என்பதால் கோப்பின் பண்புகளுக்குள் ஒளிந்திருந்த என் பெயரையும் நீக்கினார். இது எனக்கே தெரியாது.

கட்டணம்: 26 பக்கத்துக்குப் பக்கம் 25 ரூபாய், நான்கு அட்டவணைகளுக்குத் தலா 40, ஆறு படங்களுக்குத் தலா 60. மொத்தம் 1,170, 1,150 வாங்கிக்கொண்டார்.

இனி குறைகள். முதலாவது, மேற்கோள் பட்டியலை அவரிடம் கொடுக்காதீர்கள். கையால் தட்டுகிறார். என் கட்டுரையில் 43 மேற்கோள்கள். முதல் இதழ், மேற்கோளுக்கு எழுதியவர் பெயரும் ஆண்டும் கேட்டது. பன்னிரண்டாம் நாள், எங்கள் எல்லைக்குள் வராது என்று மேலாய்வுக்கே அனுப்பாமல் திருப்பிவிட்டது. இரண்டாம் இதழுக்கு வரிசை எண் வேண்டும். அவர் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து எண் போட்டார். 17-ம் 18-ம் இடம் மாறிவிட்டன. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இது மனிதர் செய்யக்கூடாத வேலை. ஜோட்டேரோ என்ற இலவச மென்பொருள் 2006 முதல் இருக்கிறது, அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதில் போட்டு வைத்திருந்தால் பாணியைத் தேர்ந்தெடுத்ததும் 43-ம் தானாக மாறியிருக்கும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொண்டேன். அவருக்கும் நிறுவிக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது, இதழாசிரியருக்கான கடிதம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு மனு தட்டிக் கொடுப்பதும் இவர்கள்தான் என்பதால், அந்த வாடை அப்படியே வந்துவிடுகிறது. "சமூகத்துக்கு அறிவது" மட்டும்தான் பாக்கி. கடிதத்தை நீங்களே எழுதுங்கள். என்ன கண்டுபிடித்தேன், அந்த இதழின் வாசகர்களுக்கு அது ஏன் வேண்டும் என்று அரைப் பக்கம் போதும். ஆர்கிட் எண்ணையும் நீங்களே முன்கூட்டிப் பதிந்துகொண்டு போங்கள். பூ இல்லை, ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாள எண். நான் கடையில் வைத்துப் பதியப்போய், கடவுச்சொல் மின்னஞ்சல் வராமல் ஒரு மணி நேரம் போனது.

மூன்றாவது, ஆவணி. எங்களுக்கு மாம்பழ வேலை முடிந்து எழுத உட்காரும் மாதமே அதுதான். முகூர்த்த வாரத்தில் போனால் உங்கள் கட்டுரை மணமகன் பெயருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

இவ்வளவு குறை இருந்தும் இங்கேயே போவதற்குக் காரணம், முன்பு நான் போன இன்னொரு இடம். ஊரையும் சொல்லப் போவதில்லை. "யுஜிசி கேர் இதழில் உத்தரவாதமாக வெளியிட்டுத் தரப்படும்" என்று பலகை. யுஜிசி கேர் என்பது பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வைத்திருந்த தரமான இதழ்களின் பட்டியல். அந்தப் பட்டியலையே யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. பலகை அப்படியே தொங்குகிறது. ஏற்கெனவே வெளியான எழுத்துகளோடு ஒப்புமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் 2018 யுஜிசி விதிப்படி தண்டனை இல்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் மாற்றி சதவீதத்தைக் குறைத்துத் தருகிறார்கள். என் மாணவி ஒருத்தியின் கட்டுரையில் 'ஃப்ரீ ரேடிக்கல்' (ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் மூலக்கூறுகள்) எல்லாம் 'ஃப்ரீ எக்ஸ்ட்ரீமிஸ்ட்' ஆகித் திரும்பி வந்தது. மாங்கொட்டை தீவிரவாதிகளை ஒடுக்குகிறதாம்! சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. இத்தகைய சித்திரவதைச் சொற்றொடர்களை வைத்தே போலிக் கட்டுரைகளைக் கண்டுபிடிக்கலாம் என்று கபனாக் முதலிய ஆய்வாளர்கள் மூவர் 2021-ல் எழுதினார்கள். அப்படி ஒரு சொல் சிக்கினால் போவது அந்தக் கடையின் பெயர் அல்ல, மாணவியின் பெயர்.

பழையபேட்டைக் கடையில் ஒருவர் இதே சதவீத வேலையைக் கேட்டபோது நான் அங்கேதான் இருந்தேன். "அது எங்களுக்குத் தெரியாது சார், பக்கம் மட்டும்தான்" என்று அனுப்பிவிட்டார்.

இரண்டாம் இதழிலிருந்து மேலாய்வுக் கருத்துகள் வந்திருக்கின்றன. பெரிய திருத்தம், இரண்டு மாத அவகாசம். போன வாரம் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு பொட்டலம் நிப்பட்டும் திருத்திய கோப்புமாகப் போனேன். "இன்று முகூர்த்தம் மேடம், வியாழக்கிழமை வாருங்கள்" என்றார். நிப்பட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.