ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை, ஆனாலும் 61,200 ரூபாய் போனது

காலை ஐந்தரைக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு போனை எடுத்தேன். என் கிரெடிட் கார்டில் செலவு என்று வங்கியிலிருந்து மூன்று குறுஞ்செய்திகள். 2.11, 2.13, 2.16 மணிக்கு வந்தவை. 250 டாலர், மறுபடி 250 டாலர், அப்புறம் 210. வாயில் நுழையாத ஏதோ ஒரு கடைப் பெயர். நம்மூர்க் கணக்கில் 61,200 ரூபாய். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததை வீட்டுக்காரர் வந்து சொல்லித்தான் பார்த்தேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "ஓடிபி யார்கிட்டயாவது சொன்னியா?" அதற்கப்புறம் தம்பி கேட்டான், பக்கத்து வீட்டு அக்கா கேட்டார், வங்கிக் கிளையில் கேட்டார்கள். யாரிடமும் சொல்லவில்லை. அந்த ராத்திரி எனக்கு ஓடிபியே வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஓடிபி சொல்லாதவரை கார்டு பத்திரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நம் நாட்டுக் கடைகளில் ஆன்லைனில் வாங்கினால் ஓடிபி கேட்கும். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கேட்காது. கார்டு எண், காலாவதி தேதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்க சிவிவி, இவ்வளவு கையில் இருந்தால் போதும், பணம் போய்விடும். ஆனால் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்க வேண்டும். 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டில் அது மூடியேதான் வரும்; நாமாக ஆப்பில் போய்த் திறந்தால்தான் உண்டு. என் கார்டில் திறந்தது நானேதான். மகளின் பிரசவத்துக்கு நான் சிங்கப்பூர் போனபோது அங்கே கடையில் தேய்க்க வேண்டுமே என்று திறந்தேன். பேரன் பிறந்து, ஊர் திரும்பி, எட்டு மாதம் ஆகியும் மூடவில்லை. வாசல் கதவுக்கு இரண்டு பூட்டுப் போடுகிற ஆள் நான்.

அந்தப் பயணத்துக்கு அறை பதிவு செய்த ஒரு வெளிநாட்டுத் தளத்தில் கார்டு விவரத்தைச் சேமித்தும் வைத்திருந்தேன். இங்குள்ள கடைகள் 2022 அக்டோபரிலிருந்து கார்டு எண்ணை வைத்துக்கொள்ளக் கூடாது, அதற்குப் பதில் டோக்கன் என்கிற மாற்று எண்தான். அந்த விதி வெளிநாட்டுத் தளத்தைக் கட்டுப்படுத்தாது. கசிந்தது அங்கேதான் என்பது என் சந்தேகம்.

இன்னொன்றையும் கோட்டை விட்டேன். இரண்டு நாள் முன்பு ஒரு டாலர் போனதாக ஒரு செய்தி வந்திருந்தது. ஏதோ ஆப் சந்தாவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். கார்டு வேலை செய்கிறதா என்று திருடன் பார்க்கிற வெள்ளோட்டம் அது. அன்றைக்கே கார்டை முடக்கியிருந்தால் நஷ்டம் ஒரு டாலரோடு நின்றிருக்கும்.

சரி, அன்று காலைக்கு வருகிறேன். கை நடுங்க, வங்கியின் பெயரைப் போட்டு கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடினேன். மேலே வந்த எண்ணுக்கு அடித்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்; எந்த வங்கி முதல் ரிங்கில் எடுக்கிறது? நல்ல தமிழில், பொறுமையாகப் பேசினார் ஒருவர். "பயப்படாதீங்க மேடம், அரை மணி நேரத்துல பணம் திரும்ப வந்துடும். ஒரு ஆப் அனுப்புறேன், உங்க ஸ்கிரீன் எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்." நான் அந்த ஆப்பைப் போனில் பதிவிறக்கவே ஆரம்பித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து சிங்கப்பூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னதும், "அம்மா, மொதல்ல அந்த லைனைக் கட் பண்ணு" என்று கத்தினாள். ஒரே காலையில் இரண்டாவது முறை ஏமாறாமல் தப்பித்தது இப்படித்தான். உண்மையான எண் கார்டின் பின்புறத்திலேயே இருந்தது. பொடி எழுத்து, கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிந்தது.

வங்கி ஆப்பிலேயே கார்டை முடக்க இரண்டு தட்டுதான். அடுத்து 1930-க்கு அடித்தேன். சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண் அது. புகார் எண் கொடுத்தார்கள். பத்து மணிக்குக் கிளைக்குப் போனால், "கார்டு டிபார்ட்மென்ட் தனி மேடம், எங்க கையில எதுவும் இல்ல" என்றார்கள். எழுதிக் கொண்டுபோன கடிதத்தை வாங்கி முத்திரை போட்டுத் தரச் சொன்னேன். அதற்கே இருபது நிமிடம். மெயிலும் போட்டேன். அன்று அந்த முத்திரைக்காகச் சண்டை போட்டது நல்லதாகப் போயிற்று.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது: சரியான கார்டு விவரங்கள் கொடுக்கப்பட்டதால் பரிவர்த்தனை செல்லும், பொறுப்பு வாடிக்கையாளருடையது. அடுத்த பில்லில் 61,200 முழுதாக ஏறியிருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், திருடன் டாலரில் செலவழித்ததற்கு 3.5 சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணம் 2,142 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 385 ரூபாய், இரண்டும் என் தலையில்.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையைத் தம்பிதான் எடுத்துக் கொடுத்தான். தவறு வங்கியிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை, நடுவில் வேறெங்கோ என்றால், செய்தி வந்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குப் பொறுப்பே கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் என்றால், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கு ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். நம் மேல்தான் தப்பு என்று நிரூபிக்க வேண்டியது வங்கியின் வேலை. பத்து வேலை நாளுக்குள் தற்காலிகமாகவாவது பணத்தை வரவு வைக்க வேண்டும். நாமே ஓடிபி சொல்லிவிட்டால் மட்டும் கதை வேறு. புகார் கொடுக்கும்வரை போனதெல்லாம் நம் கணக்கு.

இந்த வரிகளை அப்படியே எடுத்துப் போட்டு, முத்திரை வாங்கிய கடிதத்தையும் இணைத்துத் திரும்ப எழுதினேன். ஒரு வாரம் சத்தமில்லை. வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மனிடம் ஆன்லைனில் புகார் பதிந்தேன் (விவரம் கேட்க 14448). இதற்கு வக்கீலும் வேண்டாம், காசும் வேண்டாம். இதற்கு நடுவே பாக்கி கேட்டு தினமும் போன். மோசடி என்று புகார் கொடுத்த தொகைக்கு, அது தீரும்வரை கட்டணம் போடக் கூடாது என்று விதி இருக்கிறது. பேசிய பையனுக்குத் தெரியவில்லை, பாவம். என் சொந்தச் செலவை மட்டும் தேதி தவறாமல் கட்டினேன்.

58-ஆம் நாள் 61,200 ரூபாய் திரும்ப வந்தது. மன்னிப்பு ஒரு வரிகூட இல்லை.

இப்போது வெளிநாட்டுப் பயன்பாடு மூடியிருக்கிறது, ஆன்லைன் லிமிட் 5,000 ரூபாய். பெரிதாக ஏதாவது வாங்கினால் உயர்த்திவிட்டு உடனே இறக்கிவிடுகிறேன். சிவிவியைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டு கார்டில் சுரண்டிவிட்டேன். வீட்டுக்காரர் கார்டை அவரையே எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அதிலும் திறந்துதான் இருந்தது, அவர் பாஸ்போர்ட்டே எடுக்காத ஆள்.

அந்த 2,142-ம் 385-ம் மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கும் மெயில் போட்டிருக்கிறேன்.