14 நாள் சர்க்கரை சென்சார்: நாற்பது ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவரின் மதிப்பீடு

விரலைக் குத்தாமலே சர்க்கரை அளவைக் காட்டும் 14 நாள் சென்சாரைக் கடந்த ஆறு மாதங்களில் எட்டு முறை ஒட்டிப் பயன்படுத்தியிருக்கிறேன். 1984ஆம் ஆண்டு, ஒன்பது வயதில், எனக்கு உடலில் இன்சுலின் சுரக்காமல் போகும் முதல் வகை நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அன்று முதல் இன்சுலின் போடாத நாள் கிடையாது. ஆகவே இந்தக் கருவியை, விரலில் குத்தி அளக்கும் குளுக்கோமீட்டரோடு மட்டும் ஒப்பிட்டு எடைபோட என்னால் இயலவில்லை. எங்கள் மதுரை வீட்டு அடுக்களையில் இருந்த சோதனைக் குழாயிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்தக் குழாயில் நீல நிறப் பெனடிக்ட் கரைசலை 5 மில்லி ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, அம்மா ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிச் செங்கல் நிறத்துக்கு வந்தால் மிக அதிகம். 100 மில்லி இரத்தத்தில் ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பிறகே சர்க்கரை சிறுநீரில் இறங்கும் என்பதால், அந்த நீலத்துக்குப் பொருள் 150ஆகவும் இருக்கலாம், ஆபத்தான 45ஆகவும் இருக்கலாம். இதை அறிந்திருந்த அம்மா, இரவு இரண்டு மணிக்கு எழுந்து என் பிடரியில் கை வைத்துப் பார்ப்பார். வியர்த்திருந்தால் எழுப்பி உட்காரவைத்துச் சீனித் தண்ணீர் கொடுப்பார். என் பள்ளிக்காலம் முழுவதும் இரவுச் சர்க்கரையை அறிய எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

கண்ணாடி சிரிஞ்சைக் கழற்றி எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கவைத்து, ஆறிய பின், முதலில் விரைவாக வேலை செய்யும் தெளிந்த இன்சுலினையும் அடுத்து மெதுவாக வேலை செய்யும் கலங்கிய இன்சுலினையும் அதிலேயே இழுக்க வேண்டும். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாததால் மருந்துப் புட்டிகள் ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் இருந்தன. மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்த மருந்து அது. குத்திய இடங்களில் தொடைச் சதை கரைந்து விழுந்த குழிகளில் இரண்டு இன்றும் இருக்கின்றன. கலங்கிய இன்சுலின் நண்பகலில் உச்சத்துக்கு வரும் என்பதால், பசித்தாலும் பசிக்காவிட்டாலும் 12.30க்குச் சாப்பிட்டாக வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி தாமதமானால் அப்பா என்னை அழைத்துக்கொண்டு ஓட்டலைத் தேடிப் போவார். ஆனாலும் அந்த மண்பானை இன்சுலினைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும்வரை, என்னைப் போன்ற பிள்ளைகள் அரைப் பட்டினி உணவில் சில மாதங்களோ, கூடிப்போனால் சில ஆண்டுகளோதான் உயிர் பிழைத்திருந்தார்கள்.

பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. என் கைக்கு அது வந்தது தொண்ணூறுகளில். பிறகு பேனா ஊசியும், நாள் முழுவதும் சீராக வேலை செய்யும் நீடித்த இன்சுலினும், விரல் நுனி இரத்தத்தில் அளக்கும் கருவியும் வந்தன. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993இல் வெளியான டி.சி.சி.டி. என்ற நீரிழிவு ஆய்வு, முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரைக் கவனித்து, சர்க்கரையை இயல்புக்கு அருகில் வைத்திருப்போருக்கு விழித்திரைப் பாதிப்புத் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைவதைக் காட்டியது. அதே ஆய்வில், அப்படி இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குச் சர்க்கரை கடுமையாக இறங்கிவிடுவது ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. கண்ணைக் காப்பாற்றப் போனால் இரவில் மயக்கம் வந்துவிடுமோ என்ற அந்தப் பயத்தைக் குறைத்தது என்பதுதான் இந்தச் சென்சாரைப் பற்றி நான் முதலில் சொல்ல வேண்டியது.

மேற்கையின் பின்புறத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து அழுத்தினால், தலைமுடி போன்ற இழை தோலுக்கடியில் போய்விடுகிறது; எறும்பு கடித்த அளவுகூட வலி இல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கைப்பேசியில் எண் வருகிறது, பக்கத்தில் ஓர் அம்பும் வருகிறது. எண்ணைவிட அம்பே எனக்குப் பயன்பட்டது: 112 என்பது ஏறும் 112ஆக இருந்தால் நடக்கப் போவேன், வேகமாக இறங்கும் 112ஆக இருந்தால் வண்டியை எடுக்க மாட்டேன். இரண்டாம் நாள் இரவு 3.10க்கு அலாரம் அடித்தது, சர்க்கரை 64. காலைத் தலைவலியை வயதின் கணக்கில் எழுதியிருந்தேன். வரைபடத்தைப் பார்த்த மருத்துவர் இரவு இன்சுலினை இரண்டு யூனிட் குறைத்தார், தலைவலி நின்றது. இட்லிக்கு ஒன்றரை மணி நேரத்தில் ஏறி இறங்கிய கோடு, நெய் ஊற்றிய வெண்பொங்கலுக்கு நான்கு மணி நேரம் இறங்காமல் நின்றதையும் இதில்தான் கண்டேன். என் அளவுகள் அம்மாவின் கைப்பேசியிலும் தெரியும்படி இணைத்திருக்கிறேன். 79 வயதிலும் இரவு இரண்டு மணிக்கு அவருக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.

குறைகளும் உண்டு. இது அளப்பது இரத்தத்தை அன்று, திசுக்களுக்கிடையே உள்ள நீரை. அதனால் சர்க்கரை வேகமாக மாறும்போது சில நிமிடங்கள் பின்தங்குகிறது. சென்சார் இருக்கும் பக்கம் புரண்டு படுத்தால், அழுத்தத்தினால் பொய்யான தாழ்வு காட்டி எழுப்பிவிடுகிறது. மே மாத வியர்வையில் ஒன்று ஒன்பதாம் நாளே உரிந்துவிட்டது. இரண்டு முறை தொலைபேசியில் பேசிய பிறகு மாற்று அனுப்பினார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை விலை. ஒன்றுக்கு ஏறத்தாழ 4,500 ரூபாய் கொடுத்தேன். தொடர்ந்து போட முடியாமல் இடையிடையே நிறுத்தினேன். அரசு மருத்துவமனையில் இன்சுலினை இலவசமாக வாங்கும் பிள்ளைகளுக்குத்தான் இது முதலில் போய்ச் சேர வேண்டும். அவர்களுடைய தாய்மாரும் இரவில் எழுந்து பிடரியைத் தொட்டுப் பார்க்கிறவர்கள்தாம்.

இன்சுலின் போடும் குழந்தைகளுக்கும், சர்க்கரை இறங்குவதை உடல் உணர்த்தாத முதியவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். மாத்திரையில் மட்டும் இருப்பவர்கள், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, எந்தச் சாப்பாடு தங்களுக்கு என்ன செய்கிறது என்று பார்க்க ஒரு முறை போட்டாலே பெரும் பயன் உண்டு. உடல் சொல்வதும் எண் சொல்வதும் ஒத்துப்போகாதபோது விரலில் குத்திச் சரிபார்க்க வேண்டும் என்பதால், பழைய குளுக்கோமீட்டரையும் காலாவதியாகாத ஸ்ட்ரிப் டப்பா ஒன்றையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.