எச்சரிக்கை: ஆன்டெனா உயரத்தைத் திருத்தித் தருவதாகச் சொன்னவரிடம் 400 டாலரை இழந்தேன்

செயற்கைக்கோள் அளவைக் கோப்புகளின் ஹெடரை, அதாவது கோப்பின் தொடக்கத்தில் உள்ள விவர வரிகளை, திருத்த வெளியாளை அமர்த்த நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மூன்று நாட்களுக்கு முன் 400 டாலரை இழந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை.

என்னிடம் 46 ரைனெக்ஸ் (செயற்கைக்கோள் அளவீடுகளைப் பதிந்து வைக்கும் பொதுவான வடிவம்) கோப்புகள் இருந்தன. களத்தில் அவசரமாக ரிசீவரை இயக்கியதால் அவற்றில் ஆன்டெனா உயரம் 0.0000 என்றும், நிலையப் பெயருக்குப் பதிலாகக் கருவியின் வரிசை எண்ணும் பதிவாகிவிட்டன. சரியான பெயர்களும், தரைக் குறியிலிருந்து முக்காலி மேலிருந்த ஆன்டெனாவின் விளிம்பு வரை சாய்வாக நாடா பிடித்து அளந்த சாய்வு உயரங்களும் என் களத்தாள்களில் இருந்தன. ஒப்படைக்கும் நாள் நெருங்கியதால், தனிப்பட்ட முறையில் வேலை செய்து தருபவர்களைப் பிடித்துக் கொடுக்கும் ஓர் இணையத் தளத்தில் ஒருவரை அணுகினேன்.

முதலில் ஒரே ஒரு கோப்பை மாதிரியாகத் திருத்தி அனுப்பினார். ஆன்டெனா வகை சரியாக இருந்தது, நிலையப் பெயரும் சரி, உயரம் 1.5972 என்று அதற்குரிய இடத்தில் இம்மி பிசகாமல் இருந்தது. சாய்வு உயரம் 1.650 மீட்டர், ஆன்டெனாவின் ஆரம் 0.170 மீட்டர், முன்னதன் வர்க்கத்திலிருந்து பின்னதன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 1.6412 வரும், அளந்த விளிம்புக்கும் ஆன்டெனாவின் அடியிலுள்ள குறிப்புப் புள்ளிக்கும் இடையிலான 0.044 மீட்டரையும் கழித்தால் அதே 1.5972. தொழில் தெரிந்தவர் என்று நம்பி, அந்த நிமிடமே 400 டாலரையும் விடுவித்தேன். அந்த ஒரு களத்தாளின் ஓரத்தில் 1.5972 என்று நானே பென்சிலால் எழுதி வைத்திருந்ததும், அவர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்பதும் பிறகுதான் புரிந்தது.

மீதி 45 கோப்புகளிலும் சாய்வு உயரத்தையே செங்குத்து உயரமாகப் போட்டிருந்தார். உயரம் திட்டமாகத் தெரிந்த ஒரு நிரந்தர நிலையத்தோடு சேர்த்துக் கணக்கிட்டபோது என் புள்ளிகள் 5 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்து வந்தன. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு பிழை என்பதால், என் புள்ளிகளை ஒன்றோடொன்று மட்டும் ஒப்பிட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்கவே செய்யாது என்பதை நினைக்கும்போதுதான் எனக்குப் பதறுகிறது. இதுவும் போதாதென்று, பல கோப்புகளில் ஆன்டெனா வகையை வெறுமையாக விட்டிருந்ததால் அந்த வகைக்குரிய அலைமையத் திருத்தமும் (ஆன்டெனா சிக்னலை உண்மையில் ஏற்கும் புள்ளிக்கான திருத்தம்) சேரவில்லை. இரண்டு நிலையங்களின் பெயர்கள் இடம் மாறியிருந்தன. 11 கோப்புகளை மென்பொருள் திறக்கவே மறுத்தது. ஹெடரில் ஒவ்வொரு வரியின் பெயரும் 61ஆம் இடத்தில் தொடங்க வேண்டும், இவர் இடைவெளிகளுக்குப் பதிலாகத் தாவல் (Tab) குறிகளை இட்டு அவற்றை நகர்த்திவிட்டிருந்தார்.

கேட்டதற்கு, உங்கள் மென்பொருள் பழையது என்றார். கணக்கை எழுதிக் காட்டியதும், களத்தாள் தெளிவாக இல்லை என்றார். அதன் பிறகு பதிலே இல்லை. தளத்தின் உதவிப் பிரிவோ, நீங்கள் வேலையை ஏற்றுக்கொண்டதாக அழுத்திவிட்டீர்கள், இனி 400 டாலரைத் திருப்ப வழியில்லை என்ற ஒரே வாசகத்தை நான்கு முறை அனுப்பியது. ஒரு கோப்பையாவது திறந்து பாருங்கள் என்று நான் கெஞ்சியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விரிவாக எழுத இப்போது நேரமில்லை. மாதிரிக்குக் கொடுக்கும் களத்தாளில் விடையை எழுதி வைக்காதீர்கள். உயரம் சாய்வா செங்குத்தா, எந்தப் புள்ளி வரை அளந்தது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூலக் கோப்புகளைத் தனியே பிரதி எடுத்து வையுங்கள். எல்லாக் கோப்புகளையும் நீங்களே திறந்து பார்க்கும் வரை ஏற்றுக்கொண்டதாக அழுத்தாதீர்கள்.

மூலக் கோப்புகள் என்னிடம் பத்திரமாக இருப்பதால், களத்தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே முதலிலிருந்து திருத்தி வருகிறேன். இதுவரை 19 முடிந்திருக்கிறது.