மச்சாளின் வால்வு: காபனா, மாடா, சொந்தத் திசுவா?

மச்சாளுக்கு 29 வயது. இதயத்தின் பெருநாடி வால்வில் மூன்று இதழ் இருக்க வேண்டிய இடத்தில் பிறவியிலேயே இரண்டுதான். இப்போது அதுவும் தடித்துச் சுருங்கிவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வெள்ளவத்தை வீட்டில் ஒரு மாதமாக இதே பேச்சு.

காபனால் செய்த செயற்கை வால்வு நன்றாக உழைக்கும். பலருக்கு ஆயுளுக்கும் போதும். ஆனால் அதில் இரத்தம் உறையாமலிருக்கக் கடைசிவரை வோபரின் குளிசை. பக்கத்து வீட்டு அன்ரிக்கு அதுதான். கரன்ட் போய் ஃபேன் நின்றால், அவருக்குப் பக்கத்தில் இருக்கிறவருக்குக் கைக்கடிகாரம் மாதிரி டிக், டிக் என்று கேட்கும். வல்லாரைச் சம்பலை அவர் விடவில்லை. ஒரு கிழமை அள்ளிச் சாப்பிட்டு மறு கிழமை தொடாமல் இருப்பதுதான் கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தோடு மல்லுக்கட்டும், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர் அளவு இறங்கிவிடும். அன்ரிக்கு 60 தாண்டிவிட்டது, பழகிவிட்டார். மச்சாளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான். கர்ப்பத்தின் 6ஆம் கிழமையிலிருந்து 12ஆம் கிழமை வரை வோபரின் சிசுவின் எலும்பையும் மூக்கையும் கெடுக்கலாம். நிறுத்தினாலோ வால்வில் இரத்தக்கட்டி. என் கணக்கில் காபன் இந்த இடத்திலேயே விழுந்துவிட்டது.

மாட்டுத் திசு வால்வுக்கு ஆயுள் முழுக்க வோபரின் வேண்டாம். 70 வயதுக்காரருக்கு என்றால் நான் யோசிக்கவே மாட்டேன். இளம் உடம்பில் சுண்ணாம்பு சீக்கிரம் படிந்து இறுகிவிடும், அதனால் 40 வயதளவில் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம். (“மாடா?” என்று மாமி முகம் சுளித்தது வேறு கதை.)

சொந்தத் திசுவில் இரண்டு வழி. 1967இல் லண்டனில் டொனால்ட் ரொஸ் என்ற இதய சத்திரசிகிச்சை நிபுணர் தொடங்கியது ஒன்று: நோயாளியின் நுரையீரல் வால்வை (இதயத்திலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் போகும் வாசலில் இருப்பது) எடுத்துப் பெருநாடியில் வைத்து, அது இருந்த இடத்துக்கு இறந்தவர் தானம் செய்த வால்வைத் தைப்பது. உயிருள்ள திசு, குழந்தைகளுக்கு உடம்போடு வளரவும் செய்யும். ஆனால் ஒரு வால்வின் பழுதுக்காக நல்லாயிருக்கிற இன்னொன்றிலும் கைவைக்க வேண்டும்.

மற்றது ஜப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் ஒசாகி 2007இல் தொடங்கியது. நோயாளியின் சொந்த இதய உறையில் ஒரு துண்டை வெட்டி, திசுவைப் பதப்படுத்தும் குளுட்டரால்டிஹைட் என்ற திரவத்தில் 10 நிமிடம் ஊறவைத்து அலசுகிறார்கள். பிறகு ஒவ்வொரு இதழுக்கும் தனித்தனியாக அளவெடுத்து, தையற்காரர் மாதிரி அச்சு வைத்து வெட்டித் தைக்கிறார்கள். நுரையீரல் வால்வைத் தொடுவதில்லை. ஆனால் ஊறவைத்த திசு உயிருள்ளதல்ல. 20, 30 வருடக் கணக்கு ரொஸ் முறைக்கு இருக்கிற அளவுக்கு இதற்கு இன்னும் இல்லை.

என்னைக் கேட்டால் அவளுக்கு ரொஸ்தான், ஆனால் அதையே அடிக்கடி செய்து பழகிய கை கிடைத்தால் மட்டும். அப்படி ஒருவர் அகப்படாவிட்டால் மாட்டு வால்வையே போட்டுக்கொண்டு பிள்ளையைப் பெற்றுக்கொள்ளலாம்.

அடுத்த கிளினிக்குக்கு மச்சாள் கொப்பியில் மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறாள். இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? தானம் செய்த வால்வு எங்கிருந்து வரும்? நெஞ்சைத் திறந்த பிறகு சரிவராது என்று தெரிந்தால் எதை வைப்பீர்கள்?