ஒரே சார்பதிவாளர் அலுவலகம், இரண்டு திருமணங்கள்: பதிவுச் சேவை குறித்து ஒரு சாட்சியின் மதிப்பீடு

கடந்த ஓராண்டில் எங்கள் குடும்பத்தில் இரண்டு திருமணங்கள் நடந்தன. அண்ணன் மகளுக்குத் தை மாதம் கோயிலில் தாலி ஏறியது. தங்கை மகன், உடன் வேலை பார்த்த கிறித்தவப் பெண்ணை, இருவரில் எவரும் மதம் மாறாமல் ஆவணியில் மணந்துகொண்டான். இரண்டுக்கும் சாட்சிக் கையெழுத்திட்டதும் ஆவணக் கோப்பைச் சுமந்து அலைந்ததும் நான்தான் என்பதால், சார்பதிவாளர் அலுவலகம் தரும் திருமணப் பதிவுச் சேவையையும், அதன் வாசலில் கடை விரித்திருக்கும் முகவர் சேவையையும் சேர்த்தே மதிப்பிடுகிறேன்.

ஒரே அலுவலகத்தில், ஒரே அலுவலர் முன்னிலையில் முடிந்தாலும், நாங்கள் பெற்றவை இரண்டு வெவ்வேறு சேவைகள். அண்ணன் மகளின் திருமணம் கோயிலிலேயே சட்டப்படி நிறைவேறிவிட்டது. அலுவலகம் அதைப் பதிவேட்டில் ஏற்றியது, அவ்வளவுதான். தங்கை மகனின் திருமணமோ, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, அந்த அலுவலகத்தில்தான் நடந்தது. நடந்த திருமணத்தைப் பதிவது வேறு, திருமணத்தையே நடத்திவைப்பது வேறு என்பது தெரியாமல் வருகிறவர்களை நம்பித்தான் முகவர்களின் பிழைப்பு ஓடுகிறது.

முதலாவது எளிதாக முடிந்தது. தமிழ்நாட்டில் எந்த மதத்தவரின் திருமணமானாலும் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். திருமணம் நடந்த ஊரில் மட்டுமன்றி, 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மணமகன் அல்லது மணமகள் வசிக்கும் பகுதியின் அலுவலகத்திலும் பதியலாம் என்பதால், கோயில் இருந்த ஊருக்கு மீண்டும் பயணப்பட வேண்டிய தேவை எழவில்லை. இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, குறித்த நாளில் அசல் ஆவணங்களுடன் சென்றோம். மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்ததற்கான சான்று, முகவரிச் சான்று, அழைப்பிதழ், கோயில் ரசீது, புகைப்படங்கள் எல்லாம் இருந்தும் ஓரிடத்தில் தடுக்கியது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெண்ணின் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து முன்னெழுத்து. ஆதாரில் பெயருக்குப் பின்னால் தந்தையின் முழுப்பெயர். கடவுச்சீட்டில் அதே பெயர் இன்னொரு எழுத்துக்கூட்டலில். குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளாத நம் வழக்கத்துக்கு நாம் கட்டும் வரி இது. மேசையில் இருந்த பெண் ஊழியர், “இப்படியே பதிஞ்சுட்டா நாளைக்கு விசாவுக்குப் போய் நிப்பீங்கம்மா, முதல்ல பேரைச் சரிபண்ணிட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பினார். அன்று எரிச்சலாக இருந்தது; இப்போது அவருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

முகவரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை வெளிநாடு செல்ல வேண்டியிருந்ததால், நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு ஒருவரிடம் விசாரித்தோம். 7,000 ரூபாய் கொடுத்தால் சான்றிதழை முதலில் வாங்கித் தருவதாகவும், தாலியைப் பிறகு நல்ல நாள் பார்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். சடங்கே நடக்காத இந்துத் திருமணத்துக்கு வெறும் பதிவுச் சான்றிதழால் செல்லுபடித் தன்மை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் தெளிவாகவே கூறியிருக்கிறது. நடக்காத திருமணத்தை நடந்ததாகச் சொல்லிக் கையெழுத்திடுவதற்கு நாங்கள் பணமும் கொடுக்க வேண்டுமாம்! சடங்கு என்றதும் புரோகிதரும் அக்கினியும் கட்டாயம் என்று எண்ண வேண்டியதில்லை. 1967ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உற்றார் அல்லது நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதுமானது. எளிமையாகவேனும் அது நடந்திருக்க வேண்டும் என்பதே செய்தி.

சிறப்புத் திருமணச் சட்டத்தின் வழி பொறுமையைச் சோதிப்பது. மணமக்களில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாட்கள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்ததும் அதன் நகல் அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டப்படும். பெண்ணின் நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்ததால் அங்கும் ஒரு நகல் போயிற்று. அடுத்த 30 நாட்களுக்குள் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஏற்கெனவே உயிருடன் உள்ள துணை, வயதுக் குறைவு, சம்மதம் தர இயலாத மனநிலை, விலக்கப்பட்ட உறவுமுறை போன்ற சட்டக் காரணங்களுக்கு மட்டுமே அதில் இடமுண்டு. சாதியோ மதமோ பெற்றோரின் கோபமோ அங்கே ஆட்சேபமாகாது. நேர்மையற்ற ஆட்சேபத்துக்கு 1,000 ரூபாய் வரை இழப்பீடு விதிக்கவும் அலுவலருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஊர்ச் சுவரில் முகவரியுடன் தொங்கும் தாளைப் பார்த்து வீட்டுக்கே வந்து நிற்கும் பெரியப்பாவைச் சட்டத்தின் எந்தப் பிரிவும் தடுப்பதில்லை. அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் எவரும் நிம்மதியாக உறங்கவில்லை. இந்த அறிவிப்பை வெளியிடுவது மணமக்களின் விருப்பத்தைப் பொறுத்தது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021இல் கூறியது. அந்த நிலைப்பாடு நாடு முழுவதற்கும் வர வேண்டும் என்பதே என் கருத்து.

திருமண நாள் இதற்கெல்லாம் ஈடுசெய்தது. மூன்று சாட்சிகளும் மணமக்களும் உறுதிமொழியில் கையெழுத்திட்ட பின், இருவரும் ஒருவரையொருவர் சட்டப்படியான துணையாக ஏற்பதாகத் தமிழிலேயே சொன்னார்கள். தமக்குப் புரியும் மொழியில் சொல்லவும், விரும்பிய முறையைச் சேர்த்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருவதால், மாலை மாற்றிக்கொள்ளச் சார்பதிவாளர் புன்னகையுடன் காத்திருந்தார். நாற்காலிகள் போதாமல் பெரியவர்கள் நின்றதும், அழைப்பு மதிய உணவு நேரத்தைத் தாண்டியதும்தான் குறைகள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். கூட்டுக் குடும்பத்து இந்து ஒருவர், பிற மதத்தவரை இச்சட்டப்படி மணந்தால் அக்குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். அவரது வாரிசுரிமை இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்கீழ் வந்துவிடும். பூர்வீக நிலம் பாகம் பிரியாமல் இருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய செய்தியல்ல. கையெழுத்திட்ட பிறகு, விருந்தில்தான், வழக்கறிஞரான ஓர் உறவினர் வாயால் நாங்கள் இதைக் கேட்டோம்.

அரசுக் கட்டணம் இரண்டு முறையும் சில நூறு ரூபாயைத் தாண்டவில்லை. முகவர் இல்லாமலே எல்லாம் முடிந்தது. எனவே அலுவலகச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன், முகவரை அறவே இல்லை. சான்றிதழைக் கையில் வாங்கியதும் வெளியே வந்து படம் எடுக்கும் முன், அதே மேசையருகே நின்று பெயர்களை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். தங்கை மகனின் சான்றிதழில் எங்கள் தெருப்பெயரில் ஒரு கொம்பு விடுபட்டிருந்தது. நாங்களே அப்படித்தான் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தோம்.