கேட்டது 9250, கிடைத்தது 6500

எம்பியு-9250 போர்டு (அசைவையும் திசையையும் அளக்கும் சென்சார்) வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் காசு கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நான்கு போர்டுக்கு 2,600 ரூபாய் போனது. பணத்தைக்கூட விடுங்கள், பதினேழு நாள் போனது. அதில் ஒரு பங்கு என் முட்டாள்தனம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் மகளுக்கு இன்ஜினியரிங் கடைசி வருட ப்ராஜெக்ட். ஒரு நான்கு சக்கர வண்டி. ஜிபிஎஸ் இல்லாமல் சொன்ன திசையில் நேராகப் போக வேண்டும், பிறகு ஒரு சதுரம் போட்டுக் கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். "சித்தப்பா, சென்சார் மட்டும் நீங்க பார்த்து வாங்கிக் குடுங்க" என்றாள். எங்கள் குடும்பத்தில் சாலிடரிங் அயர்ன் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அதனால் இந்த மாதிரி வேலையெல்லாம் தானாக என் தலையில் வந்து விழும்.

வண்டி முன்னே பின்னே சாய்வதையும் பக்கவாட்டில் சாய்வதையும் கண்டுபிடிக்க முடுக்கமானியும் (வேகமாற்றத்தை அளப்பது) ஜைரோவும் (சுழலும் வேகத்தை அளப்பது) போதும். புவியீர்ப்பு எப்போதும் கீழே இழுத்துக்கொண்டே இருப்பதால், ஜைரோ சிறிது தடுமாறினாலும் முடுக்கமானி திருத்திவிடும். ஆனால் வண்டி எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதில் புவியீர்ப்பால் ஒரு உதவியும் இல்லை. ஜைரோவை மட்டும் நம்பினால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து சேர்ந்து திசை மெதுவாக நழுவும். அதற்குத்தான் காந்தமானி, அதாவது உள்ளே ஒரு திசைகாட்டி. எம்பியு-9250க்குள் மூன்றும் உண்டு: மூன்று அச்சு முடுக்கமானி, மூன்று அச்சு ஜைரோ, அதே உறைக்குள் தனிச் சில்லாக ஏகே8963 என்ற மூன்று அச்சு காந்தமானி. எம்பியு-6500இல் முதல் இரண்டு மட்டும்தான். மோசடி நடக்கிற இடம் இதுதான்.

சென்னை ரிச்சி தெருவில் நான் பல வருடமாக ஒயர், ரிலே, பிரெட்போர்டு வாங்குகிற கடை ஒன்று. பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்த பையன் டப்பாவைத் திறந்து காட்டினான். "ஒரிஜினல் சார், நேத்துதான் ஸ்டாக் வந்துச்சு." ஒன்று 650 ரூபாய். ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று நான்கு வாங்கினேன். பில்லில் "சென்சார் - 4" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். நானும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பின்களைச் சாலிடர் செய்து, ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் போர்டில் மாட்டி, எடுத்துக்காட்டு நிரலை ஓட்டினேன். முதல் நிமிடத்திலேயே நின்றுவிட்டது. "எதிர்பார்த்தது 71, வந்தது 70, சென்சாருடன் இணைய முடியவில்லை" என்ற அர்த்தத்தில் ஒரு வரி. இணையத்தில் தேடினால் நிறைய பேருக்கு இதே பிரச்சினை. யாரோ ஒரு புண்ணியவான் தீர்வும் சொல்லியிருந்தார்: நிரலில் 71 இருக்கும் இடத்தில் 70 என்று மாற்றுங்கள், ஓடிவிடும். மாற்றினேன். ஓடிவிட்டது. முட்டாள்தனம் என்று மேலே சொன்னேனே, அது இதுதான். அந்தச் சில்லு தன் பெயரைச் சரியாகத்தான் சொன்னது. நான்தான் அதன் வாயைப் பொத்தினேன்.

போர்டைச் சாய்த்தால் திரையில் கோணம் அழகாகச் சாய்ந்தது. திசைக்கும் ஒரு எண் வந்துகொண்டிருந்தது, திருப்பினால் மாறவும் மாறியது. சந்தேகமே வரவில்லை. வண்டியில் பொருத்திய பிறகுதான் வினை. ஐந்தாறு மீட்டர் போனதும் வண்டி இடப்பக்கம் ஒதுங்கும். மேசைமேல் சும்மா வைத்துவிட்டு டீ குடித்து வந்து பார்த்தால் திசை 20 டிகிரி நகர்ந்திருக்கும்.

மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறதே, அது குழப்புகிறது என்று முடிவு கட்டினேன். அது உண்மையிலேயே வரக்கூடிய பிரச்சினைதான், அதனால் அந்த ஊகத்தை விடவே முடியவில்லை. சென்சாரை மோட்டாரிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய்மேல் ஏற்றினேன். இரும்புத் திருகுகளைக் கழற்றிவிட்டுப் பித்தளை போட்டேன். அப்புறம் காந்தமானியை அளவு திருத்த போர்டைக் காற்றில் எட்டு வடிவில் சுற்ற வேண்டும் என்பார்களே, அதற்காக மொட்டை மாடிக்குப் போய், லேப்டாப்பைத் தண்ணீர்த் தொட்டிமேல் வைத்துவிட்டு, கையில் ஒயர் தொங்க எட்டு எட்டாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டம்மா "என்ன தம்பி, திருஷ்டி கழிக்கிறீங்களா?" என்று கேட்டார். திரையில் "அளவு திருத்தம் முடிந்தது" என்று வந்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. இல்லாத காந்தமானிக்கு மூன்று நாள் எட்டுப் போட்டிருக்கிறேன்!

கண்டுபிடித்தது நான் இல்லை, அண்ணன் மகள்தான். "சித்தப்பா, கணக்குப் போடுறதுக்கு முன்னாடி நேரா என்ன நம்பர் வருதுன்னு பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. அச்சிட்டுப் பார்த்தோம். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். சென்னையில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா. எப்படித் திருப்பி வைத்தாலும் மூன்று அச்சும் ஒரே நேரத்தில் பூஜ்யமாக இருக்க வழியே இல்லை.

அப்படியானால் திசை என்று ஒரு எண் எப்படி வந்தது? நாங்கள் பயன்படுத்தியது மாட்விக் வடிகட்டி, அதாவது மூன்று சென்சாரின் எண்களையும் சேர்த்துச் சாய்வையும் திசையையும் கணக்கிடும் முறை. காந்தமானியின் மூன்று எண்ணும் பூஜ்யமாக இருந்தால், பூஜ்யத்தால் வகுக்கும் வம்பு வேண்டாம் என்று, மாட்விக் எழுதிய நிரல் சத்தமில்லாமல் முடுக்கமானியையும் ஜைரோவையும் மட்டும் வைத்துப் போடும் ஆறு அச்சுக் கணக்குக்கு மாறிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. போலிக்கு இதைவிட நல்ல போர்வை கிடைக்காது.

பிறகு லென்ஸை எடுத்தேன். 3 மில்லிமீட்டர் சதுரச் சில்லு. அசல் 9250இன் தலையில் "எம்பி92" என்றிருக்கும். என்னிடம் இருந்த நான்கிலும் "எம்பி65". அழிக்கக்கூட மெனக்கெடவில்லை.

கடைக்குப் போனேன். பையன் முதலாளியைக் கூப்பிட்டான். அவர் போர்டை வாங்கித் திருப்பிப் பார்த்து, "சார், போர்டுலயே எம்பியு-92/65ன்னுதானே போட்டிருக்கு? ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது, உண்மை. இரண்டு சில்லும் ஒரே அளவு, ஒரே 24 கால் அமைப்பு. போர்டு செய்பவர்கள் ஒரே பலகையை இரண்டுக்கும் பயன்படுத்துவதால் இரண்டு எண்ணையும் போட்டுவிடுகிறார்கள். மேலே என்ன ஒட்டியிருக்கிறது என்பதை அந்த எழுத்து சொல்லாது.

"ரெண்டும் ஒண்ணுன்னா அதுல திசைகாட்டி எங்கேன்னு காட்டுங்க" என்றேன். அவர் பேச்சை மாற்றினார். "சாலிடர் பண்ணிட்டீங்களே சார், இனி எப்படித் திரும்ப எடுக்கிறது?" பின்களைச் சாலிடர் செய்யாமல் சோதிக்க முடியாது, சாலிடர் செய்தால் திரும்ப எடுக்க மாட்டார்கள். பில்லில் மாடல் எண்ணும் இல்லை. அரை மணி நேரம் நின்று பேசி, கடைசியில் 600 ரூபாய்க்கு மோட்டாரை இயக்கும் டிரைவர் போர்டு இரண்டு கொடுத்து அனுப்பினார். இரண்டு கடை தள்ளி, அதே பலகை, அதே சில்லு, 6500 என்ற உண்மைப் பெயரோடு 220 ரூபாய்க்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

இனி வாங்குபவர்களுக்கு. பில்லில் மாடல் எண்ணை முழுதாக எழுதச் சொல்லுங்கள், எழுதத் தயங்கினால் அந்தக் கடை வேண்டாம். சாலிடர் செய்வதற்கு முன்பே சோதிக்கவும் ஒரு வழி உண்டு. போர்டோடு வரும் உலோகப் பின் வரிசையைப் பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் இணைக்கும் துளைப் பலகையில்) குத்தி, போர்டை அதன்மேல் உட்காரவைத்து, ஒரு விரலால் சற்றுச் சாய்த்து அழுத்திப் பிடித்தால் ஒரு பைட் படிக்கும் அளவுக்குத் தொடுப்பு கிடைக்கும். ஐ2சி (சில்லுகள் பேசிக்கொள்ளும் இரண்டு ஒயர் வழி) முகவரி 68, அதில் 75ஆம் ரிஜிஸ்டர் (சில்லுக்குள் எண் வைக்கும் அறை). இங்கே சொல்லும் முகவரி, ரிஜிஸ்டர், பதில் எண்கள் எல்லாம் ஹெக்ஸில், அதாவது 16ஐ அடிப்படையாகக் கொண்ட எண் முறையில். அதற்குப் பெயரே "நான் யார்" ரிஜிஸ்டர். 71 வந்தால் 9250. 73 வந்தால் 9255, அதிலும் காந்தமானி உண்டு. 70 வந்தால் 6500. காந்தமானி இல்லாத பழைய சில்லான எம்பியு-6050, அசலாக இருந்தால் 68. முகவரியும் 68, பதிலும் 68 என்று வருவதால் குழம்ப வேண்டாம்.

அது 71 என்று சொன்னாலும் காந்தமானியைத் தனியாக ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 37ஆம் ரிஜிஸ்டரில் 02 எழுதிவிட்டு ஐ2சி முகவரிகளைத் தேடினால் புதிதாக 0சி என்று ஒன்று தென்பட வேண்டும். அதன் 00 ரிஜிஸ்டர் 48 என்று பதில் சொல்ல வேண்டும். அந்த 02ஐ எழுதுவதற்கு முன் அசல் போர்டிலும் 0சி தெரியாது, அதனால் அவசரப்பட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

6050 வாங்கியவர்களுக்கு இன்னொரு துப்பு. வெப்பநிலையைப் படித்துப் பாருங்கள். 6050க்கும் 6500க்கும் வெப்பக் கணக்கு வேறு. 30 டிகிரி அறையில் 45 என்று காட்டினால், 6050 என்ற பெயரில் உட்கார்ந்திருப்பது அநேகமாக 6500தான். ஈரப்பதம் அளக்கும் பிஎம்இ280 வாங்குபவர்களுக்கும் இதே கதை உண்டு. அடையாள எண் 60 வர வேண்டிய இடத்தில் 58 வந்தால் அது பிஎம்பி280, ஈரப்பதம் அளக்காது.

9250ஐயே தேடி அலைய வேண்டுமா என்றும் யோசியுங்கள். 9250ஐச் செய்த இன்வென்சென்ஸ் நிறுவனத்தை 2017இல் டிடிகே வாங்கியது. இப்போது புதிய வடிவமைப்புகளுக்கு 9250ஐ அவர்களே பரிந்துரைப்பதில்லை, அதன் இடத்துக்கு ஐசிஎம்-20948ஐக் கொண்டுவந்தார்கள். ஆகவே "நேத்து வந்த ஸ்டாக்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நாங்கள் வேறு ஒருவரிடம் 20948 வாங்கினோம். அதில் "நான் யார்" ரிஜிஸ்டர் 00, பதில் ஈஏ. கவுண்டரிலேயே லேப்டாப்பைத் திறந்து படித்துக் காட்டிய பிறகுதான் காசு கொடுத்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. வண்டி சதுரம் போட்டுத் திரும்பி, கிளம்பிய கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. அண்ணன் மகளுக்கு அது போதும்.

அந்த நான்கு 6500ஐயும் தூக்கிப் போடவில்லை. சாய்வு மட்டும் தெரிந்தால் போதும் என்கிற வேலைக்கு அது நல்ல சில்லுதான். ஒன்றை இரண்டு சக்கரத்தில் நிற்கும் பொம்மை வண்டிக்கு வைத்திருக்கிறேன். போன வாரம் அந்தக் கடைப் பக்கம் போக வேண்டியிருந்தது. அதே டப்பா அதே இடத்தில் இருந்தது, ஒன்று 700 ரூபாயாம்.